கேஜ் மேல் சந்தனம்

தீயணைப்பு சிலிண்டரை எத்தனை நாளைக்கு ஒருமுறை பராமரிக்க வேண்டும் என்று நம் ஊரில் யாரைக் கேட்டாலும் தயங்காமல் பதில் வரும்: வருஷத்துக்கு ஒருமுறை, ஆயுத பூஜைக்கு. அன்றைக்குத்தான் அதன் மேல் ஈரத்துணி படுகிறது, ஒட்டடை போகிறது. வயிற்றில் மூன்று விரலால் இழுத்த சந்தனம், நடுவில் குங்குமம், கழுத்தில் அரை முழம் கதம்பம். லேத் மெஷினுக்கும் ஜெராக்ஸ் மெஷினுக்கும் முதலாளியின் காருக்கும் காட்டிய கற்பூரத்தை இதற்கும் ஒரு சுற்று காட்டிவிட்டுச் சுண்டல் வாங்கப் போய்விடுகிறார்கள். நெருப்பை அணைக்க வைத்த பொருளுக்கு நெருப்பையே காட்டிக் கும்பிடும் துணிச்சல் வேறு யாருக்கும் வராது. பூசுகிற அவசரத்தில் சந்தனம் அழுத்தம் காட்டும் கேஜ் கண்ணாடி மேலேயே விழுந்துவிடுவதும் உண்டு. அதற்குப் பிறகு முள் பச்சையில் நிற்கிறதா, சிவப்பில் சாய்ந்துவிட்டதா என்பது அடுத்த சரஸ்வதி பூஜை வரை அந்தச் சரஸ்வதிக்கு மட்டுமே தெரியும்.

விதி வேறு மாதிரி சொல்கிறது. இந்தியத் தர நிர்ணய அமைவனம் வகுத்த ஐ.எஸ். 2190 என்றொரு நெறிமுறை இருக்கிறது. எந்த வகைத் தீக்கு எந்த சிலிண்டர், எங்கே மாட்டுவது, எப்படிப் பராமரிப்பது என்று விலாவாரியாகச் சொல்கிறது. மாதம் ஒருமுறை கண்ணால் பார். வருஷத்துக்கு ஒருமுறை விவரம் தெரிந்த ஆளை வைத்து முறையாகச் சோதி. உருளைக்குள் தண்ணீரை அழுத்தி ஏற்றி, அது தாங்குகிறதா என்று பவுடர் சிலிண்டருக்கு 3 ஆண்டுக்கு ஒருமுறையும் கார்பன் டை ஆக்ஸைடு சிலிண்டருக்கு 5 ஆண்டுக்கு ஒருமுறையும் பரிசோதி. பவுடர் சிலிண்டருக்கு 10 வயதானால், கார்பன் டை ஆக்ஸைடுக்கு 15 வயதானால், அதைத் தூக்கிப் போட்டுவிட்டுப் புதிது வாங்கு. இதை உட்கார்ந்து எழுதியவர்கள் பாவம், நம்மை நம்பி எழுதியிருக்கிறார்கள்.

மாதச் சோதனை என்றதும் பெரிய எஞ்சினியர் வேலை என்று மிரள வேண்டியதில்லை. சிலிண்டர் இருக்க வேண்டிய இடத்தில் இருக்கிறதா, முன்னால் எதுவும் அடைக்காமல் கை எட்டுகிறதா, சேஃப்டி பின்னும் அதன் சீலும் அறுபடாமல் இருக்கின்றனவா, முள் பச்சையில் நிற்கிறதா, ஹோஸில் வெடிப்பு இல்லையே, அடிப்பக்கம் துருவேறவில்லையே, தூக்கினால் கனம் இருக்கிறதா. அவ்வளவுதான். ஒரு சிலிண்டருக்கு இரண்டு நிமிஷம். எட்டாவது படிக்கிற பிள்ளை செய்துவிடும். காலணா செலவில்லை. இந்த இரண்டு நிமிஷத்தைத் தவிர்ப்பதற்குத்தான் இத்தனை பெரிய நிர்வாகங்கள், ஆலோசகர்கள், ஒப்பந்தக்காரர்கள், மேலாளர்கள் எல்லோரும் வருஷம் முழுக்க ஓயாமல் உழைக்கிறார்கள்.

சோதிக்க வேண்டுமானால் முதலில் சிலிண்டரைக் கண்டுபிடிக்க வேண்டும். ஜவுளிக்கடையில் அது ஆடித் தள்ளுபடி ஃப்ளெக்ஸுக்குப் பின்னால், தலையில்லாத பொம்மையின் சேலை மறைவில் இருக்கும். ஏ.சி. போட்ட அலுவலகத்தில் கதவு தானாக மூடிக்கொள்ளாமல் இருக்க முட்டுக் கொடுத்துக்கொண்டிருக்கும். ஆம்னி பஸ்ஸில் தூங்குகிற க்ளீனரின் கால்மாட்டில், போர்வை மூட்டைக்கு அடியில் படுத்திருக்கும். மருத்துவமனையில் உடைந்த ஸ்ட்ரெச்சர், காலி ஆக்ஸிஜன் சிலிண்டர், பழைய ஐ.வி. ஸ்டாண்ட் மூன்றும் அதற்குக் காவல் நிற்கும். சாதாரணத் தீக்கான சிலிண்டர் 15 மீட்டருக்கு மேல் நடக்க வைக்காத தூரத்தில் இருக்க வேண்டும் என்பது நெறிமுறை. தூரம் 15 மீட்டர்தான் இருக்கிறது, இல்லையென்று சொல்லவில்லை. நடுவில் இருக்கிற கட்டில், பீரோ, பேனர் எல்லாவற்றையும் தாண்டிப் போகத் தெரிய வேண்டும், அவ்வளவே.

சில இடங்களில் அதற்குச் சங்கிலி போட்டுப் பூட்டுகிறார்கள். திருட்டுப் பயமாம். பித்தளை வால்வைக் கழற்றிக் காயலான் கடையில் போட்டுவிடுவார்களாம். சாவி யாரிடம்? மேனேஜரிடம். மேனேஜர் எங்கே? ஒரு கல்யாணத்துக்குப் போயிருக்கிறார். ஆபத்து நேரத்தில் அசைய வேண்டியதைச் சங்கிலியில் பூட்டி வைப்பதில் நமக்குப் பழைய அனுபவம் உண்டு. 2001 ஆகஸ்ட் 6 விடிகாலை ஏர்வாடியில் மனநலக் காப்பகம் என்ற பெயரில் நடந்த கொட்டகையில் தீப்பிடித்தது. உள்ளே இருந்தவர்கள் சங்கிலியால் கட்டப்பட்டிருந்தார்கள். 28 பேர் வெந்து செத்தார்கள். சங்கிலி போட்டவர்களிடம் அன்றும் ஒரு காரணம் இருந்தது: விட்டால் ஓடிவிடுவார்கள். இன்று சிலிண்டருக்குச் சொல்கிற காரணமும் கிட்டத்தட்ட அதேதான்.

அடுத்து நம் ரீஃபில்காரர் வருகிறார். இவர் இல்லாமல் தமிழகத்தில் ஒரு நிறுவனமும் பாதுகாப்பாக இல்லை. ஏ.எம்.சி. என்கிற வருஷப் பராமரிப்பு ஒப்பந்தம் அவருக்குத்தான் கிடைத்திருக்கிறது, ஏனென்றால் கொட்டேஷனில் அவர்தான் எல்-ஒன், அதாவது இருப்பதிலேயே குறைந்த விலை. பவுடர் விலைக்கும் கீழே அவரால் எப்படி ரீஃபில் செய்ய முடிகிறது என்று கணக்குப் பிரிவில் ஒருவர்கூடக் கேட்டதில்லை. கேட்காமல் இருப்பதற்குப் பெயர்தான் சிக்கனம். எக்ஸ்.எல். வண்டியில் காலையில் வருவார். கையில் ஒரு பழைய துணி, கார் பாலிஷ் டப்பா, ரப்பர் ஸ்டாம்ப், ஸ்டிக்கர் கட்டு. மூன்று மாடி, முப்பது சொச்சம் சிலிண்டர். பதினோரு மணி டீக்குள் முடித்துவிடுவார்.

பவுடர் சிலிண்டரை உண்மையிலேயே ரீஃபில் செய்வதென்றால் என்ன? உள்ளிருக்கும் அழுத்தத்தை வெளியேற்ற வேண்டும். தலைப்பகுதியைக் கழற்ற வேண்டும். பழைய பவுடரைக் கொட்டி, உருளையின் உட்சுவரில் துரு உண்டா என்று விளக்கடித்துப் பார்க்க வேண்டும். ஓ-ரிங்கை மாற்றி, புதுப் பவுடரை எடை போட்டு நிரப்பி, நைட்ரஜன் ஏற்றி, கசிகிறதா என்று சோதித்து, பின் மாட்டி, சீல் வைக்க வேண்டும். இத்தனைக்கும் ஒரு நைட்ரஜன் சிலிண்டராவது கூட வர வேண்டும், அல்லது இவற்றை வண்டியில் ஏற்றிப் பட்டறைக்குக் கொண்டுபோக வேண்டும். நம்மவர் ஒரு துளி பவுடரும் தரையில் சிந்தாமல் முப்பதையும் முடிக்கிறார். பழைய ஸ்டிக்கரை நகத்தால் சுரண்டிவிட்டுப் புதுசு ஒட்டுகிறார். அதில் 'ரீஃபில் செய்த தேதி', 'அடுத்து செய்ய வேண்டிய தேதி' இரண்டும் அழகான கையெழுத்தில் இருக்கின்றன. ஆக, வருஷா வருஷம் மாறுவது ஸ்டிக்கர். ஆறு வருஷமாக உள்ளே அசையாமல் கிடந்து அடியில் கெட்டிப்பட்டுப் போன மோனோ அமோனியம் பாஸ்பேட் அப்படியே தவத்தில் இருக்கிறது. அவசரத்துக்குப் பின்னைப் பிடுங்கி அழுத்தினால் புஸ்ஸென்று வெறும் நைட்ரஜன் மட்டும் போகும், பவுடர் உள்ளேயே உட்கார்ந்து வேடிக்கை பார்க்கும். கேஜ் முள் மட்டும் கடைசி வரை பச்சையில்தான் நின்றிருக்கும். அழுத்தம் இருக்கிறதா என்றுதான் முள் சொல்லும். பவுடர் கிளம்பி வருமா என்று அதைக் கேட்டால் அது என்ன செய்யும்?

கார்பன் டை ஆக்ஸைடு சிலிண்டர் கதை இன்னும் விசேஷம். அதற்குக் கேஜே கிடையாது. நிறுத்துப் பார்த்துத்தான் சொல்ல முடியும். காலி எடை எவ்வளவு, நிறை எடை எவ்வளவு என்று அதன் மேலேயே பதித்திருப்பார்கள். உள்ளிருக்கும் வாயுவில் பத்தில் ஒரு பங்குக்கு மேல் குறைந்திருந்தால் திரும்ப நிரப்ப வேண்டும். சர்வர் ரூம் வாசலில் கறுப்புக் கூம்போடு நிற்கும் அந்த சிலிண்டரைக் கடைசியாக எப்போது தராசில் ஏற்றினீர்கள் என்று கேட்டுப் பாருங்கள். "சார், அதுல கேஜ் வரலை, கம்பெனியே வெக்கலை, டிஃபெக்ட் பீஸ் போல" என்பார்கள். இதை ஒரு பாதுகாப்பு அதிகாரி வாயாலேயே கேட்டிருக்கிறேன். அவருக்கு அந்த வருஷம் விருதுகூடக் கொடுத்தார்கள்.

ஏப்ரல் 14 வந்தால் தீத்தொண்டு வாரம். 1944-ல் அதே நாளில் பம்பாய்த் துறைமுகத்தில் ஃபோர்ட் ஸ்டைக்கின் என்ற கப்பல் வெடித்ததில், தீயை அணைக்கப் போன 66 வீரர்கள் இறந்ததன் நினைவாக நாடு முழுக்க நடப்பது. தீயணைப்புத் துறைக்காரர்கள் வெயிலில் நின்று பொறுமையாகச் சொல்லித் தருகிறார்கள். அவர்கள் மேல் எனக்கு ஒரு குறையும் இல்லை. நம் ஆட்கள் அதைக் கொண்டாடும் விதம்தான் குறை. மைதானத்தில் ஒரு தகரத் தட்டு, அதில் டீசல், ஒரு தீக்குச்சி. நிர்வாக இயக்குநர் முன்னால் வருகிறார். பின்னை அவருக்காக ஒருவர் பிடுங்கிக் கொடுக்கிறார். ஹோஸை இன்னொருவர் பிடித்துக் கொடுக்கிறார். ஒரே அழுத்து, வெள்ளைப் புகை, கைதட்டல், ஃபோட்டோ. மறுநாள் பேப்பரில் 'தீ விழிப்புணர்வு'. அந்த சிலிண்டர் எங்கே போனது? சாயங்காலமே பழைய கொக்கிக்குப் போய்விட்டது. ஒரு விநாடி அழுத்தினாலும் வால்வு இடுக்கில் பவுடர் சிக்கிக்கொள்ளும், அழுத்தம் கசிந்துகொண்டே இருக்கும், கொஞ்சம் பயன்படுத்தினாலும் முழுசாக நிரப்பித்தான் மாட்ட வேண்டும் என்பது இந்தத் தொழிலின் அரிச்சுவடி. நம் கட்டடங்களில் எந்த சிலிண்டர் காலியாக இருக்கிறது என்று தெரிய வேண்டுமா? போன வருஷத்து ஃபோட்டோவில் இயக்குநர் கையில் இருப்பதைப் பாருங்கள்.

அப்புறம் கல்யாண மண்டபம். சமையல்கட்டில் பத்துப் படி எண்ணெய் கொதிக்கும் சட்டி, அதற்குக் கீழே அடுப்பு, பக்கத்தில் வரிசையாக கேஸ் சிலிண்டர்கள். கொதிக்கிற எண்ணெயில் தீ பிடித்தால் தண்ணீர் ஊற்றவே கூடாது, ஊற்றினால் தீ கூரைக்குப் போகும். சாதாரணப் பவுடர் அடித்தாலும் அணைந்த மாதிரி அணைந்து, எண்ணெய்ச் சூட்டில் திரும்பப் பற்றும். இதற்கென்றே சமையலறை வகை ஈர ரசாயன சிலிண்டர் தனியாக உண்டு. ஒரு மண்டபத்தில் என்ன இருக்கிறது என்று நான் பார்க்கப் போனேன். பந்தி வாசலில், மணமக்கள் பெயர் எழுதிய தெர்மோகோல் வளைவுக்குப் பின்னால், ஒரு பவுடர் சிலிண்டர். நாசிலுக்குள் குளவி கூடு கட்டியிருந்தது. மண் கூடு, நல்ல கெட்டி வேலை. எட்டிப் பார்த்ததும் மண்டபத்துக்காரர் ஓடி வந்தார். "சார், அதைத் தொடாதீங்க. இன்ஸ்பெக்‌ஷனுக்கு வெச்சிருக்கு." தீப்பிடித்தால்? "அதுக்குப் பின்னாடி ரெண்டு பக்கெட் தண்ணி வெச்சிருக்கோம் சார்." மண்டபத்தின் ஒருநாள் வாடகையை அவர் சொன்னபோது எனக்கு வேர்த்துவிட்டது. நல்லவேளை, ஏ.சி. ஓடிக்கொண்டிருந்தது. ஏ.சி.யை மட்டும் மாதாமாதம் சர்வீஸ் செய்கிறார்களாம்.

கல்யாண மண்டபம் என்றதும் ஸ்ரீரங்கம் நினைவுக்கு வராதவர்கள் நம் ஊரில் இருக்கக் கூடாது. 2004 ஜனவரி 23, முகூர்த்த நாள். மாடியில் பந்தல் பற்றியது. குறுகலான படிக்கட்டு. ஐம்பதுக்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள், தாலி கட்ட உட்கார்ந்திருந்த மாப்பிள்ளை உட்பட. உடனே மாநிலமெங்கும் மண்டபங்களைச் சோதித்தார்கள். மண்டபங்களைத்தான் சோதித்தார்கள். பள்ளிக்கூடங்களில் கல்யாணம் நடப்பதில்லையே! ஆறு மாதம்கூட ஆகவில்லை, ஜூலை 16, கும்பகோணம். சத்துணவுக் கூடத்தில் கிளம்பிய தீ கீற்றுக் கூரைக்கு ஏறியது. 94 குழந்தைகள். இந்த எண்ணை எழுதும்போதெல்லாம் கை அங்கேயே நின்றுவிடுகிறது. நம் நிர்வாகத்துக்கு மட்டும் எதுவும் நிற்கவில்லை. அதே வாரம் பள்ளிக்கூடம் பள்ளிக்கூடமாகப் போய்க் கீற்றைப் பிய்த்தார்கள், சிவப்பு சிலிண்டரை மாட்டினார்கள். வழக்கு நடந்தது. விசாரணை நீதிமன்றத் தீர்ப்பு 2014 ஜூலை 30-ல் வந்தது. பத்து ஆண்டு. அந்த வாரத்தில் மாட்டிய பவுடர் சிலிண்டர்களின் மொத்த ஆயுளும் பத்து ஆண்டுதான். முதல் தீர்ப்பு வருவதற்குள் அவை காலாவதியாகிவிட்டன. அவற்றில் எத்தனை இன்னமும் அதே ஆணியில் தொங்குகின்றன என்று கணக்கெடுக்க எந்த அதிகாரிக்கும் நேரம் கிடைத்ததாகத் தெரியவில்லை.

இங்கே மட்டும்தான் இப்படி என்று வருத்தப்பட வேண்டாம், வடக்கே போனாலும் இதே ராஜ்ஜியம்தான். 2024 நவம்பர் 15 இரவு, ஜான்சி அரசு மருத்துவக் கல்லூரியின் பச்சிளங்குழந்தைகள் தீவிர சிகிச்சைப் பிரிவில் தீ. அன்று இரவே 10 சிசுக்கள் போயின. மறுநாள் அங்கிருந்த தீயணைப்பு சிலிண்டரில் காலாவதி ஆண்டு 2020 என்று இருந்ததாகச் செய்தி வந்தது. எல்லாக் கருவிகளும் சரியாகவே இருந்தன என்று அரசுத் தரப்பு மறுத்தது. யார் சொல்வது நிஜம் என்று தொலைக்காட்சியில் நாலு நாள் அடித்துக்கொண்டார்கள். அரசு சொன்னதையே நம்புவோம். எல்லாம் சரியாக இருந்தன. பராமரிப்பு பிரமாதம். பத்துக் குழந்தைகள் மட்டும் இல்லை. சரியாகப் பராமரித்தும் இந்தக் கதி என்றால், காலாவதியாகியிருந்தால் என்ன கதி என்று அந்த மறுப்பை எழுதிய கை ஒரு விநாடி யோசித்திருக்குமா?

விபத்து நடந்தால் மூன்று நாள் நமக்குச் சுறுசுறுப்பு வரும். பக்கத்து மாவட்டத்தில் ஒன்று பற்றினால் போதும், நம் மாவட்டத்தில் 'அதிரடி ஆய்வு'. அதிரடி ஆய்வின் அழகு, அதற்கு முன்கூட்டியே ஃபோன் வந்துவிடும். ஃபோன் வந்த அரை மணியில் பேனர் நகரும், சங்கிலி அவிழும், கதவுக்கு முட்டுக் கொடுத்த சிலிண்டர் கொக்கிக்கு ஏறும். கதவுக்கு ஒரு செங்கல் வரும். அதிகாரி வந்து ஸ்டிக்கரைப் படிப்பார். ஸ்டிக்கர் சரியாக இருக்கும், அது ஒன்றுதானே வருஷா வருஷம் ஒழுங்காக நடக்கிறது. ஃபைலில் சான்றிதழ் ஏறும். சான்றிதழுக்கு லேமினேஷன். அந்த லேமினேஷனை எந்தத் தீயும் தொடாது, மேனேஜர் அறை பீரோவில் பத்திரமாக இருக்கிறது.

பள்ளிக்கூடத்துக்குப் பிள்ளையைச் சேர்க்கப் போகும்போது நீங்கள் ஸ்மார்ட் க்ளாஸைப் பார்க்கிறீர்கள், நீச்சல் குளத்தைப் பார்க்கிறீர்கள், அபாகஸ் உண்டா என்று கேட்கிறீர்கள். வராந்தாவில் தொங்கும் சிலிண்டரின் முள்ளை ஒருநாளாவது பார்த்ததுண்டா? அந்தப் பின்னைப் பிடுங்கத் தெரிந்த ஒரே ஒரு ஆயாவாவது, டீச்சராவது அந்த மாடியில் இருக்கிறாரா என்று கேட்டதுண்டா? பின்னைப் பிடுங்கு, நாசிலை ஜ்வாலையின் தலைக்குக் காட்டாமல் அடிக்குக் காட்டு, பிடியை அழுத்து, இடவலமாக வீசு. கையில் இருப்பது சுமார் 15 விநாடி. லட்சக்கணக்கில் ஃபீஸ் கட்டுகிறவருக்கு இந்த ஒரு கேள்வி கேட்க மட்டும் கூச்சம். கேட்டால் பிள்ளையைப் பழிவாங்குவார்களோ என்று பயம். தீ அந்தப் பயத்தையெல்லாம் பார்த்துக்கொண்டா வரும்?

மாதச் சோதனை நடக்கவே இல்லை என்று நான் சொன்னால் அது அபாண்டம். நடக்கிறது, நோட்டில். ஒரு பெரிய அலுவலக வளாகத்தில் அந்தப் பதிவேட்டைப் பார்க்கக் கேட்டேன். சூப்பர்வைசர் மறுக்கவில்லை, பெருமையாகவே எடுத்துக் கொடுத்தார். ஜனவரி முதல் எல்லாப் பக்கமும் நிரம்பியிருந்தது. ஒரே நீலப் பேனா, ஒரே சாய்வு, ஒரே கையெழுத்து. பின்? ஓகே. சீல்? ஓகே. பிரஷர்? ஓகே. கார்பன் டை ஆக்ஸைடு சிலிண்டருக்கும் பிரஷர் ஓகே, இல்லாத கேஜைப் பார்த்து எழுதியிருக்கிறார். பக்கத்தைப் புரட்டினேன். நாங்கள் பேசிக்கொண்டிருந்தது ஆகஸ்ட் மாதம். செப்டம்பர் ஓகே, அக்டோபர் ஓகே, நவம்பர் ஓகே, டிசம்பர் ஓகே, எல்லாவற்றுக்கும் கீழே கையெழுத்தும் இருந்தது.

"என்னங்க, டிசம்பர் வரைக்கும் போட்டிருக்கீங்க?"

"தீபாவளி நேரத்துல வேலை ஜாஸ்தி சார், அப்போ முடியாது. அதான் இப்பவே முடிச்சுட்டேன்."

"நடுவுல தீப்பிடிச்சா?"

அவர் நோட்டை என் கையிலிருந்து வாங்கி, அக்டோபர் பக்கத்தைத் திறந்து, விரல் வைத்துக் காட்டினார்.

"அதுக்கும் ஓகே போட்டாச்சு சார்."